பிரிட்டிஷ் தீவும் அதன் குடியானவரும்

ஐரோப்பாக் கண்டத்துக்கு வடமேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஓரத்தில் அமைந்துள்ள தீவுக் கூட்டத்தில் மிகப் பெரிய தீவுக்குக் கிரேட் பிரிட்டன் என்று பெயர். அதன் தெற்கிலும் நடுவிலும் உள்ள பெரும்பகுதி இங்கிலாந்து, மேற்கே மலைப்பாங்கான வேல்ஸ், வடக்கே ஸ்காத்லாந்து. இம்மூன்றையும் சேர்த்து ‘இங்கிலாந்து’ என்ற ஒரே பெயரால் வழங்குவது பலருக்குப் பழக்கம். அது சரியன்று, ஸ்காத்லாந்துக்காரர் செவியில் பட்டால் மனம் வருந்துவர். வேல்ஸ் தேசம் 1536-க்கும் 1543-க்கும் இடையே இயற்றப்பட்ட சட்டங்களால் இங்கிலாந்துடன் சேர்க்கப்பட்டது. ஸ்காத்லாந்து 1707-ல் சேர்ந்தது. பக்கத்துத் தீவான ஐர்லாந்து 1801-ல் சேர்க்கப்பட்டு, 1922-ல் அதன் பெரும்பகுதி பிரிந்து தனி ராஜ்யமாயிற்று. வடகிழக்கு மூலை மட்டும் பிரிட்டனுடன் நின்றது.

இத்தீவினரின் கப்பல்களையும், ஆலைகளையும், அவர்கள் பல தேசங்களை ஆண்ட வரலாற்றையும் அறியாதவர் சிலரே. அவர்களுடைய கிராமங்களின் சரித்திரத்தை அறிந்தவரோ அதனினும் சிலர். மழை பொய்க்காத, மண் செழித்த இத்தேசத்தில் இன்று தொழில் செய்வோர் நூறு பேரில் விவசாயத்தில் இருப்பவர் ஏறக்குறைய ஒருவரே. தனக்கென்று சிறிது நிலமும், ஊர்ப் பொதுவில் மாடு மேய்க்கும் உரிமையும் உடைய சிறு குடியானவர் என்ற வகுப்பு இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நூறு வருஷங்களுக்கு முன்னரே மறைந்துவிட்டது. பஞ்சமோ படையெடுப்போ இதற்குக் காரணமன்று. பெரும்பாலும் சட்டத்தினாலேயே இது நிகழ்ந்தது.

நிலமும் மழையும்

கிரேட் பிரிட்டனின் விஸ்தீரணம் ஏறக்குறைய 81,000 சதுர மைல். தென்மேற்குக் கோடியிலிருந்து வடகிழக்குக் கோடி வரையில் நேர்க்கோட்டில் சுமார் 600 மைல் நீளம். கடல் பல இடங்களில் உள்ளே புகுந்து கரையை வெட்டியிருப்பதால் தீவின் எந்த ஊரும் கடற்கரைக்கு 70 மைலுக்கு மேல் தூரத்தில் இல்லை. ஒரு காலத்தில் இது தீவாகவே இருக்கவில்லை. பனியூழியின் இறுதியில் உறைபனி உருகிக் கடல் மட்டம் உயர்ந்தபோது, ஏறக்குறைய 8,000 வருஷங்களுக்கு முன், கண்டத்தோடு இணைத்திருந்த தாழ்நிலம் நீரில் ஆழ்ந்தது. இன்று டோவர் என்ற இடத்தில் அக்கடல் 21 மைல் அகலமே உள்ளது.

பூமத்திய ரேகையிலிருந்து இவ்வளவு வடக்கே, 50-ஆவது பாகைக்கு அப்பால், உள்ள தேசம் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கவேண்டும். அதே பாகையில் உள்ள கனடாவின் லாப்ரடார் கரை அப்படித்தான் கிடக்கிறது. பிரிட்டன் அவ்வாறு உறையாமைக்குக் காரணம், அட்லாண்டிக் சமுத்திரத்தின் தென்மேற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டமும் அதன்மேல் வீசி வரும் காற்றுமே. அக்காற்று மேற்குக் கரை மலைகளில் மோதி, சுமந்து வந்த நீரைப் பெரும்பாலும் அங்கேயே பொழிந்துவிடுகிறது. ஆகவே வடமேற்கு இங்கிலாந்தின் ஸீத்வெய்ட் என்ற சிற்றூரில் ஆண்டுக்கு 120 அங்குலத்துக்கு மேல் மழை பெய்ய, கிழக்குக் கரையில் கேம்பிரிட்ஜைச் சுற்றிய ஜில்லாக்களில் 24 அங்குலத்துக்கு மேல் கிடைப்பது அரிது. சென்னையில் பெய்யும் மழையில் பாதிகூட லண்டனில் பெய்வதில்லை என்றால் நம்புவது கடினம். ஆனால் உண்மை அதுவே. சென்னையில் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிட, லண்டனில் பன்னிரண்டு மாதமும் தூறலாகப் பகிர்ந்து பெய்கிறது. வெயிலும் கடுமையன்று, ஆதலால் பெய்த நீர் மண்ணில் நிற்கிறது. ஏரியும் கால்வாயும் இல்லாமலே பயிர் விளைவது இக்காரணத்தால்தான்.

இவ்வேற்றுமையே தேசத்தின் விவசாயத்தை இரண்டாகப் பிரித்தது. ஈரமும் மலையும் மிகுந்த மேற்கும் வடக்கும் புல்லுக்கும் ஆடு மாடுகளுக்கும் உரியவை. வறண்ட, சமதளமான கிழக்கும் தெற்கும் கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் உரியவை. கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைத்து, அடுத்த ஆகஸ்டு மாதத்தில் அறுப்பர். கோடையில் லண்டனில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் பகலிருப்பதால், வெயில் மெல்லியதாயினும் கதிர் முற்றிவிடுகிறது.

குடியேறியவர்கள்

சரித்திரத்தை இங்கே விரித்துரைக்க இடமில்லை. கெல்ட் இனத்தவரான பிரிட்டன்கள் உழுது வந்த நிலத்தை ரோமர் கி. பி. 43-ல் பிடித்து, ஏறக்குறைய 410 வரையில் ஆண்டனர். அவர்கள் போனபின் வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து ஆங்கிள், ஸாக்ஸன் முதலிய ஜாதியார் வந்து குடியேறினர். ஆங்கிளர் பெயராலேயே இங்கிலாந்து என்ற பெயர் உண்டாயிற்று. பழைய குடிகளின் மொழி மேற்கே வேல்ஸ் மலைகளில் தங்கிற்று. 1066-ல் நார்மண்டியின் பிரபு வில்லியம் படையெடுத்து வென்று அரசரானார். இருபது வருஷங்களுக்குள் ஆங்கிலேயப் பிரபுக்களின் நிலமெல்லாம் ஏறக்குறைய முழுவதும் நார்மன் பிரபுக்கள் கைக்குப் போய்விட்டது.

தமக்கு வரவேண்டியது எவ்வளவு என்று அறிய விரும்பிய அவ்வரசர், 1086-ல் தேசத்தின் பெரும்பகுதியில் ஊர் ஊராகக் கணக்கெடுக்கச் செய்தார். எத்தனை ஏர், எத்தனை குடி, எத்தனை நீர் ஆலை, எவ்வளவு புல்வெளி, காட்டில் எத்தனை பன்றி மேயும் என்பவையெல்லாம் அதில் எழுதப்பட்டன. 13,000-க்கு மேற்பட்ட ஊர்களின் பெயர் அதில் உண்டு. அக்கணக்குக்கு ஜனங்கள் ‘டூம்ஸ்டே’, அதாவது நியாயத்தீர்ப்பு நாள், என்று பெயரிட்டனர். அதன் தீர்ப்புக்கு மேல் அப்பீல் இல்லை என்பது கருத்து. எந்நாட்டுக் குடியானவரும் செட்டில்மெண்டு உத்தியோகஸ்தரைப் பற்றி நினைப்பதும் இதற்கு வெகுதூரமன்று.

ஊர்ப் பொதுநிலம்

மத்திய இங்கிலாந்தின் கிராமங்களில் அக்காலத்துச் சாகுபடி முறை இன்றைய வாசகர்க்கு விசித்திரமாகத் தோன்றும். ஊரைச் சுற்றி வேலியற்ற இரண்டு அல்லது மூன்று பெரிய வயல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் பல நூறு ஏக்கர். அவை குறுகிய நீண்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குடியானவருக்கும் எல்லா வயல்களிலும் சிதறலாகத் துண்டுகள் கிடைத்தன. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் பங்காயிற்று. மூன்று வயல்களில் ஒன்று கோதுமைக்கும், ஒன்று வாற்கோதுமை அல்லது பயறு வகைக்கும் உழப்பட, மூன்றாவது வயல் தரிசாக விடப்படும். தரிசிலும் அறுவடையான தாளிலும் ஊர் மாடுகள் சேர்ந்து மேய்ந்து எருவிடும். எப்போது விதைப்பது, எப்போது மாட்டை விடுவது என்பன ஊர்ச் சபையில் முடிவாகும்.

இவற்றைத் தவிர, உழவுக்கு உதவாத புறம்போக்கு ஊர்தோறும் உண்டு. பெயரளவில் அது கிராமப் பிரபுவின் சொத்து. ஆனால் அதில் மாடு மேய்க்கவும், விறகும் புதரும் வெட்டவும், எரிபொருளாகப் புல்கட்டி தோண்டவும் குடிகளுக்குப் பரம்பரை உரிமை இருந்தது. ஒரு பசுவும் சில வாத்துகளும் ஒரு கட்டு விறகும் சிறு விஷயமாகத் தோன்றலாம். கூலிக்காரன் ஒருவனுக்கு வேலையில்லாத குளிர்கால வாரங்களில் பட்டினிக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுவே.

இம்முறையை இன்றும் கண்ணால் காணக்கூடிய இடம் ஒன்று உண்டு. நாட்டிங்காம் ஜில்லாவில் லாக்ஸ்டன் என்ற கிராமத்தில் மூன்று திறந்த வயல்களும் ஊர்ச் சபையும் எஞ்சி நிற்கின்றன. 1952-ல் சர்க்கார் விவசாய இலாகாவே அந்த எஸ்டேட்டைக் கிரயம் வாங்கிக் காத்தது. வருஷந்தோறும் குளிர்காலத் தொடக்கத்தில் ஊரார் தெரிந்தெடுத்த பஞ்சாயத்தார் விதைத்த வயலைச் சுற்றி நடந்து, பொதுப் பாதையிலோ புல்வரப்பிலோ ஏர் ஏற்றியவர் யார் என்று பார்த்து அபராதம் விதிக்கின்றனர்.

வேலியடைப்பு

1348-ல் வந்த பிளேக் கொள்ளைநோயில் ஜனத்தொகையில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமல் மாண்டனர். ஆட்கள் குறைந்ததும் கூலி உயர்ந்தது. ஆட்டு ரோமத்துக்கோ கண்டத்தில் நல்ல விலை இருந்தது. ஆகவே பல பிரபுக்கள் உழவை நிறுத்தி, பொதுநிலத்தை வேலியிட்டு ஆடு மேய்க்கத் தொடங்கினர். ஊர் முழுவதும் காலியாகிப் பாழான கிராமங்கள் பல. 1516-ல் தாமஸ் மோர் எழுதிய ‘யுடோப்பியா’ என்ற நூலிலேயே இதைப் பற்றிய கடுமையான கண்டனம் இருக்கிறது.

1549-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் கிழக்கே நார்ஃபக் ஜில்லாவில் ஜனங்கள் வேலிகளைப் பிடுங்கக் கிளம்பினர். விண்டம் என்ற ஊரில் ராபர்ட் கெட் என்பவருடைய நிலத்துக்கு அவர்கள் வந்தபோது அதிசயமான சம்பவம் நடந்தது. தாமே வேலியடைத்த மிராசுதாரரான அவர், வந்தவர்களுடைய குறையைக் கேட்டு, அது நியாயமென்று ஒப்புக்கொண்டு, தம் வேலியைத் தாமே பிடுங்க உதவி, அவர்களுக்குத் தலைவராகவும் ஆனார். பல்லாயிரம் பேர் நாரிச் நகரத்துக்கு வெளியே உள்ள மேட்டில் முகாமிட்டு, ஒரு கருவாலி மரத்தடியில் நியாயம் விசாரித்தனர். பிரபுக்கள் பொதுநிலத்தில் தம் ஆடுகளை மேய்க்கக்கூடாது, குத்தகையைப் பழைய அளவுக்குக் குறைக்கவேண்டும், ஆறுகளில் எல்லோரும் மீன் பிடிக்கலாம் என்பவை அவர்கள் அனுப்பிய 29 கோரிக்கைகளுள் சில. ஆகஸ்டு இறுதியில் அரசாங்கப் படையும் கூலிக்கு வந்த ஜெர்மன் சிப்பாய்களும் அவர்களைச் சிதற அடித்தனர். டிசம்பரில் கெட் நாரிச் கோட்டைச் சுவரில் தூக்கிலிடப்பட்டார். சரியாக நானூறு வருஷங்களுக்குப் பின், 1949-ல், நாரிச் நகரத்தார் அதே கோட்டையில் அவருக்கு மரியாதை செலுத்தியும், செய்த தவற்றுக்குப் பரிகாரமாகவும் ஒரு கல்வெட்டுப் பதித்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வேலியடைப்பு வேறு உருவம் கொண்டது. இப்போது அதைச் செய்தது பார்லிமெண்டு. ஊரிலுள்ள நிலத்தில் மதிப்பின்படி ஏறக்குறைய முக்கால் பங்குக்குச் சொந்தக்காரர் மனுச் செய்தால், அந்த ஊருக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்படும். தலைகளை எண்ணுவதில்லை, ஏக்கர்களை எண்ணுவார்கள். மூன்று நிலங்களுக்குரிய மூவர் சேர்ந்து மனுவிட்டால், குடிசைக்காரர் முந்நூறு பேர் எதிர்த்தாலும் பயனில்லை. பின்னர் கமிஷனர்கள் வந்து, சர்வே செய்து, சிதறிய துண்டுகளையும் புறம்போக்கையும் ஒன்றாகக் கூட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் பங்கு பிரித்துக் கொடுப்பர். 1604 முதல் 1914 வரை இவ்வாறு 5,200-க்கு மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறி, 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்திலொரு பங்குக்குச் சற்று அதிகம், வேலிக்குள் அடைபட்டது. பெரும்பாலானவை 1760-க்குப் பிற்பட்ட அறுபது, எழுபது வருஷங்களில் ஆனவை.

கணக்கு எழுத்தில் எல்லாம் முறையாகவே இருந்தது. குடிகளைக் கெடுத்தது கணக்கின் ஓரங்களில் இருந்த விவரங்கள். பங்கு கிடைத்தவர் குறித்த காலத்துக்குள் தம் செலவில் வேலியிட வேண்டும். சட்டச் செலவிலும் பங்கு ஏற்க வேண்டும். ஐந்து ஏக்கர் பெற்றவருக்கு ஐந்நூறு ஏக்கர் பெற்றவரைவிட ஏக்கருக்கு வேலிச் செலவு மிக அதிகம்; ஆகையால் சிறு நிலக்காரர் பலர் பெற்றதை விற்றுவிட்டனர். பசு மேய்க்கும் உரிமை குடிசையைச் சேர்ந்ததாகக் கருதப்பட்டால், அதற்கு ஈடான நிலம் குடிசையின் சொந்தக்காரருக்குப் போயிற்று. அதில் வாடகைக்கு இருந்து பசுவைக் கறந்தவருக்கு ஒன்றுமில்லை. புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவருக்குப் பத்திரம் ஏது?

விளைவு பெருகியது என்பதை மறைப்பது நேர்மையாகாது. கோதுமை, டர்னிப் கிழங்கு, வாற்கோதுமை, க்ளோவர் என்ற நான்கு பயிரை மாற்றி மாற்றி வைக்கும் நார்ஃபக் முறையில் தரிசு விடுவதே தேவையில்லாமற் போயிற்று. க்ளோவர் பயற்றினத்தைச் சேர்ந்தது. அதன் வேரிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்ப்பவை. டர்னிப் குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீனி. தீனி இருந்தால் மாடு அதிகம். மாடு அதிகமானால் எரு அதிகம். 1801-ல் ஏறக்குறைய ஒரு கோடியே ஐந்து லட்சமாக இருந்த கிரேட் பிரிட்டனின் ஜனத்தொகை 1851-ல் இரண்டு கோடியைக் கடந்தும் பெரும்பஞ்சம் இன்றித் தாங்கியது. ஆயினும் திறந்த வயல்களிலேயே க்ளோவரும் டர்னிப்பும் பயிரிட்ட ஊர்கள் உண்டு. அபிவிருத்திக்கு வேலி எவ்வளவு தேவை என்பது சரித்திர ஆசிரியர்களிடையே இன்னும் தீராத வழக்கு. அபிவிருத்தியின் லாபம் யாருக்குப் போயிற்று என்பதில் அவ்வளவு வழக்கு இல்லை.

வேலியடைப்புக்காக ஊர் ஊராகப் பிரயாணம் செய்து பிரசாரம் செய்தவர் ஆர்தர் யங் என்பவர். 1793-ல் அமைந்த விவசாய போர்டின் காரியதரிசியும் அவரே. அவர் பின்னர் பல கிராமங்களில் ஏழைகளை நேரில் விசாரித்து, 1801-ல் வெளியிட்ட நூலில், பெரும்பாலான இடங்களில் ஏழைகள் கெடுதியே அடைந்தனர் என்று எழுதி, கூலிக்காரர் ஒவ்வொருவருக்கும் பசு வைக்கப் போதுமான நிலம் புறம்போக்கில் ஒதுக்கவேண்டுமென்று வாதித்தார். ஒரு கொள்கைக்காகப் பேர்பெற்றவர் அதற்கு மாறான சாட்சியைத் தாமே அச்சிடுவது அபூர்வம். பார்லிமெண்டு கேட்கவில்லை.

பெரிய நிலப்பிரபுவே அபிவிருத்திக்கு அஸ்திவாரம் என்ற எண்ணம் கடல் கடந்தும் சென்றது. 1793-ல் வங்காளத்திலும், 1802-ல் சென்னை ராஜதானியின் சில பகுதிகளிலும் ஜமீன்தாரி நிரந்தர செட்டில்மெண்டு விதிக்கப்பட்டதில் அதற்குப் பங்கு உண்டு. அதை எதிர்த்துக் குடியானவர்களோடு நேரே கணக்குத் தீர்க்கும் ரயத்துவாரி முறைக்குப் பாடுபட்ட தாமஸ் மன்றோ, ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தவர்.

நிலமிழந்த கூலிக்காரர் குமுறல் 1830-ல் வெடித்தது. குளிர்காலத்தில் அவர்களுக்கு மிஞ்சியிருந்த வேலை கதிரடிப்பு ஒன்றே. அதையும் கதிரடிக்கும் யந்திரம் பறித்தது. கெண்ட் ஜில்லாவில் தொடங்கித் தென்கிழக்கு முழுவதும் யந்திரங்களை உடைத்தனர். வைக்கோற்போருக்கும் தீ வைத்தனர். 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறக்குறைய 500 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். மற்றவர் பிழைப்புத் தேடி நிலக்கரி கிடைத்த வடக்கு ஜில்லாக்களின் ஆலை நகரங்களுக்கும், கனடாவுக்கும் நடந்தனர். 1851-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் இங்கிலாந்து, வேல்ஸ் ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாக இருந்தனர்.

நீரிலிருந்து எடுத்த நிலம்

கிழக்கே கேம்பிரிட்ஜுக்கு வடக்கில் ஃபென் என்று வழங்கும் சதுப்பு நிலம் ஏறக்குறைய 1,500 சதுர மைல் பரந்து கிடந்தது. குளிர்காலத்தில் வெள்ளம், கோடையில் செழித்த மேய்ச்சல். விலாங்கு, நீர்ப்பறவை, நாணல் இவற்றால் அவ்வூரார் பிழைத்தனர். 1630-ல் பெட்ஃபர்ட் பிரபுவும் அவர் கூட்டாளிகளும் முதல் போட்டு, வெர்முய்டன் என்ற டச்சு இன்ஜினீயரைக் கொண்டு 21 மைல் நீளமுள்ள நேரான கால்வாய் வெட்டுவித்தனர். 1651-ல் அதற்கு இணையாக இரண்டாவது கால்வாய் வெட்டியவர்களில் பலர் போரில் பிடிபட்ட ஸ்காத்லாந்து, டச்சுக் கைதிகள். பொது உரிமையை இழந்த ஊரார் இரவில் கரையை உடைத்தனர், பயனில்லை.

நீர் வடிந்த மண் கரியது. தேசத்திலேயே முதல் தரமானது. ஆனால் ஒருவரும் எதிர்பாராத கஷ்டம் ஒன்று நேர்ந்தது. அந்த மண் ஆயிரக்கணக்கான வருஷங்களாக நீருக்குள் மட்காமல் தங்கிய செடிகொடிகளின் குவியல். நீர் வடிந்ததும் அது சுருங்கிற்று, காற்றுப் பட்டதும் மட்கி மறைந்தது, காற்றில் பறந்தது. நிலம் தாழ்ந்து, வடிகாலாக வெட்டிய ஆறே வயலுக்கு மேலே ஓடலாயிற்று. வயல்நீரை ஆற்றுக்கு ஏற்றக் காற்றாடிகள் வைத்தனர்; அவை போதாமல் நீராவி யந்திரம்; பிறகு டீசல், மின்சாரப் பம்புகள். ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851-ல் தலை தரைமட்டத்தோடு நிற்கும்படி ஓர் இரும்புத் தூணைப் புதைத்தனர். இன்று அத்தூண் தரைக்கு மேல் ஏறக்குறைய 13 அடி நிற்கிறது. தூண் எழவில்லை, நிலம் இறங்கிவிட்டது. அவ்விடம் இப்போது கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளது.

பிறர் வயல் சோறு

1846-ல் தானிய இறக்குமதி வரிச் சட்டம் ரத்தாயிற்று. 1870-க்குப் பின் அமெரிக்கச் சமவெளிகளின் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் வந்து குவிந்தது. அதோடு போட்டியிட முடியாமல் இங்கிலாந்தின் உழுநிலம் மீண்டும் புல்லாயிற்று. 1914-ல் போர் மூண்டபோது தேசத்தார் உண்ட கோதுமையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கப்பலில் வந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் 1917-ல் அக்கப்பல்களை வேட்டையாடியபோதுதான், உள்ளூர் வயலின் அருமை லண்டனுக்குத் தெரிந்தது. 1939-ல் மறுபடி போர் வந்தபோது ஜில்லாதோறும் யுத்த விவசாயக் கமிட்டிகள் ஏற்பட்டு, பல லட்சம் ஏக்கர் புல்வெளியை உழச் செய்தன. நிலத்தைச் சரியாகப் பேணாதவரிடமிருந்து அதை எடுத்துக்கொள்ளவும் அவற்றுக்கு அதிகாரம் இருந்தது. நூறு வருஷம் வேலிக்காரர் உரிமையைக் காத்த அதே சர்க்காரே இவ்வாறு செய்தது கவனிக்கத்தக்கது. 1947-ல் விளைபொருளுக்கு உத்தரவாத விலை சட்டமாயிற்று. இன்று தேசத்துக்கு வேண்டிய உணவில் ஏறக்குறைய 60 சதவீதம் உள்நாட்டில் விளைகிறது.

வடக்கு மலைநாடு

ஸ்காத்லாந்தின் மலைநாட்டில் கதை சற்று வேறு. அங்கே கேலிக் மொழி பேசும் குடிகள் நிலத்தைத் துண்டுகளாக்கிக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றிப் பங்கிட்டு உழுதனர். தஞ்சைப் பகுதியில் முன்பு வழங்கிய கரையீட்டை அறிந்தவர் இதை எளிதில் உணர்வர். அவர்களுக்குப் பத்திரமில்லை. குலத்தலைவரே தம்மைக் காப்பவர் என்று நம்பியிருந்தனர். பிற்காலத்தில் தலைவர் நிலப்பிரபு ஆனார். ஆட்டு மந்தைக்காரர் கொடுத்த குத்தகை குடிகள் கொடுத்ததைவிட அதிகமாயிற்று. சதர்லண்ட் ஜில்லாவில் 1811 முதல் பத்து வருஷங்களில் பள்ளத்தாக்குகள் முழுவதும் காலி செய்யப்பட்டன. குடிகளைக் கடற்கரையில் இரண்டு மூன்று ஏக்கர் துண்டுகளில் வைத்தனர்; அத்துண்டு குடும்பத்துக்குப் போதாது, ஆகவே மீன்பிடிக்கவோ கூலிக்கோ போவார்கள் என்பது திட்டம். அதிகாரி ஒருவர் வீடுகளுக்குத் தீ வைத்து உயிர்ச்சேதம் விளைவித்ததாக 1816-ல் விசாரணைக்கு வந்து, குற்றமில்லையென்று விடுதலையானார். அக்கரைத் துண்டுகளுக்குக் கிராஃப்ட் என்றும், அவற்றின் குடிகளுக்குக் கிராஃப்டர் என்றும் பெயர். வாரக் குத்தகைக்காரரைப் போல, வருஷ முடிவில் காரணம் கூறாமல் அவர்களை வெளியேற்றலாம்.

1882-ல் ஸ்கை தீவில் பிரேஸ் என்ற ஊரார், முன்பு தமக்கிருந்த மலை மேய்ச்சலைத் திருப்பிக் கொடுக்கும்வரை வாரம் செலுத்த மறுத்தனர். கோர்ட்டு நோட்டீசைப் பிடுங்கி எரித்தனர். கிளாஸ்கோவிலிருந்து வந்த ஏறக்குறைய ஐம்பது போலீசாரை ஆண்களும் பெண்களும் கல்லெறிந்து எதிர்த்தனர். செய்தி தேசமெங்கும் பரவவே, அரசாங்கம் 1883-ல் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தது. அதன் தலைவர் நேப்பியர் பிரபு. 1866 முதல் 1872 வரை சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்தவர் இவரே. கூவம் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள நேப்பியர் பாலம் இவர் பெயரால் வழங்குவது.

கமிஷனின் முதல் அமர்வு பிரேஸிலேயே கூடிற்று. முதற்சாட்சியாக வந்த கிராஃப்டர், தாம் சொல்லும் வார்த்தைக்காகத் தம்மை நிலத்தைவிட்டு வெளியேற்றமாட்டார்கள் என்ற உறுதி முதலில் வேண்டுமென்று கேட்டார். அவ்வச்சத்தைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை என்றே சொல்லலாம்; ஆயினும் கமிஷனர்கள் தீவுகள்தோறும் சென்று 700-க்கு மேற்பட்டவரை விசாரித்தனர். பலர் கேலிக் மொழியில் பேச, மொழிபெயர்த்து எழுதினர். ஊரை ஒரு சமூகமாகச் சட்டம் அங்கீகரித்து, மேய்ச்சலை விஸ்தரிக்க அதற்கு அதிகாரம் தரவேண்டுமென்று நேப்பியர் 1884-ல் யோசனை கூறினார். இந்தியாவில் கண்ட கிராம சமூகங்களின் நினைவு இதற்குத் தூண்டுகோல் என்று கருதுவோர் உண்டு. அரசாங்கம் அந்த யோசனையை ஏற்காமல், 1881-ஆம் வருஷத்து ஐர்லாந்துச் சட்டத்தைப் பின்பற்றி 1886-ல் கிராஃப்டர் சட்டத்தை இயற்றியது. வாரம் செலுத்தும் கிராஃப்டரை வெளியேற்றலாகாது. நியாயமான வாரத்தை ஒரு கமிஷன் நிர்ணயிக்கும். போகும்போது தாம் செய்த அபிவிருத்திக்கு ஈடு பெறலாம். உரிமையை வாரிசுக்கு வைக்கலாம். ஏழு ஜில்லாக்களுக்கு இது பொருந்திற்று. முன்பு இழந்த மேய்ச்சல் மலைகளை மட்டும் சட்டம் திருப்பவில்லை; நிலமே இல்லாதவருக்கும் அது எதுவும் தரவில்லை.

இருந்தும், இங்கிலாந்தின் சமவெளியில் அழிந்த சிறு குடியானவர் வகுப்பு இம்மலைநாட்டில் இன்னும் இருப்பதற்கு அச்சட்டமே காரணம். 1993-ல் சதர்லண்ட் ஜில்லாவின் மேற்குக் கரையில் அஸிண்ட் என்ற பகுதியின் கிராஃப்டர்கள், தாம் குடியிருந்த எஸ்டேட்டு விற்பனைக்கு வந்தபோது, பல இடங்களிலிருந்தும் நன்கொடை திரட்டி, ஏறக்குறைய 21,000 ஏக்கரைச் சங்கமாகச் சேர்ந்து வாங்கினர். 1997-ல் எய்க் தீவினரும் அவ்வாறே செய்தனர். 2003-ல் ஸ்காத்லாந்துப் பார்லிமெண்டு இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, கிராஃப்டர் சமூகம் தான் உழும் நிலத்தையும் அதைச் சேர்ந்த மேய்ச்சலையும், உடையவர் விற்க இசையாவிடினும், மந்திரிகளின் அனுமதி பெற்று மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.